சுனாமிக்குத் தப்பிய தென்னையின் எண்ணெய்

இவ்வளவு காலம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தது போதும்.

இன்று கதிரவெளிக்கு அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வாசலிலேயே கால்புண் நாறியது.

"குளிசை போடுறியா அக்கா?"

"அத விட்டுட்டன் தம்பி. மருமகன் தேங்காயெண்ணெ தாறார். விடிய வெறும் வயித்துல ரெண்டு கரண்டி. இங்கிலீசு மருந்தோட அது சேரப்படாதாம்."

மருமகன் என்பது அவள் மகளின் கணவன். சுனாமி நிவாரணத்தில் கிடைத்த இயந்திரத்தில் எண்ணெய் பிழிந்து விற்கிறான். அதே இயந்திரத்தை நானும் கேட்டிருந்தேன், மறக்கவில்லை. போத்தலில் 'சுனாமிக்குத் தப்பிய தென்னை' என்று ஒட்டியிருக்கிறான்.

"எண்ணெயக் கறிக்கு ஊத்துங்க மருமகன். குளிசைய ஏன் நிப்பாட்டினீங்க?" என்று உள்ளேயிருந்து வந்தவனிடம் கேட்டேன்.

சிரித்தான். "என்ன மாமா நீங்க! கடலே சாய்க்காத மரம். அதுக்கு முன்னால சீனி எந்த மூலைக்கு?"

அக்கா தலையாட்டினாள். அலை வந்த அன்று அவள் கட்டிப்பிடித்துத் தப்பியது ஒரு தென்னையைத்தான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

கடலும் சண்டைக்கால ஷெல்லும் விட்டுவைத்தவளை இவன் கரண்டியால் முடிக்கப் பார்க்கிறான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாறன்" என்றேன்.

"மருமகனிட்டக் கேட்டுச் சொல்றன் தம்பி" என்றாள்.

இந்தப் பதிவில் என் பெயரைப் போடவில்லை. போட்டால் அவன் யாரென்று தெரிந்துவிடும். அக்காவுக்குச் சோறு போடுவது அவன்தான். நான் யாரென்று கண்டுபிடித்தவர்கள் பேசாமல் இருங்கள். உங்கள் வீட்டு மருமகன் என்ன போத்தல் விற்கிறார் என்பதை மட்டும் கீழே எழுதுங்கள்.