அக்கா ஏற்றிய மெழுகுவத்தி

இன்று தோழியோடு குரிசுமலை ஏறினேன். உச்சிச் சிலுவையைத் தொடும்வரை பேசுவதில்லை என்பது அவளுடைய நேர்ச்சை. எனக்கு அப்படி எதுவும் இல்லாததால் இருவருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, ஏலப்பாறையிலிருந்து வந்திருந்த ஓர் அக்கா கேட்டார்.

"பாப்பா ஏன் பேச மாட்டேங்குது? என்ன வேண்டுதல்?"

"நர்சு வேலைக்கு ஜெர்மனி விசா வரணும்க்கா," என்றேன்.

தோழி என் கையைக் கிள்ளினாள். வெட்கம் என்று நினைத்தேன்.

"கண்டிப்பா வரும். மேல நானும் ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்."

சொன்னபடியே ஏற்றினார். தோழி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இறங்கி அருவிக்குப் போனோம். தண்ணீரில் காலை வைத்ததும் சொன்னாள்.

"லூசு, விசா வரக்கூடாதுன்னுதான்டி ஏறுனேன்."

"அதை வீட்டுல சொல்ல வேண்டியதுதானே?"

"அப்பா எஸ்டேட் பூரா சொல்லிட்டாருடி. விசாவே வரலைன்னா நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்ல?"

பள்ளிக்கூடத்திலிருந்து பழகுகிறோம். அவள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்த நேர்ச்சை இல்லாமல் இருந்திருந்தாலும், அக்கா கேட்டதற்கு அவளும் "விசா" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அவளைக் கேட்டுவிட்டுத்தான், பெயர் போடாமல் எழுதுகிறேன்.

கிறிஸ்தவ நண்பர்களே, நல்ல மனசோடு ஒருவர் ஏற்றிவிட்ட மெழுகுவத்தியைத் திரும்பப் பெற ஏதாவது வழி இருக்கிறதா? கொஞ்சம் அவசரம்.