நூறாவது நாளின் ஜெர்கின்

நான் எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளத்தில் ஏலத்தோட்டம், வத்தலக்குண்டில் பரோட்டாக் கடை, கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகளுக்குச் சாணி அள்ளும் வேலை என்று மாறிக்கொண்டே இருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கால் நிற்காது. அப்படிப்பட்டவனைக் கொடைக்கானலுக்கு மேலே மேல்மலையில் ஒரு கேரட் பட்டறை எட்டு மாதம் பிடித்து வைத்தது. அங்கே இருந்த ஒரு கரும்பலகைதான் காரணம்.

மன்னவனூருக்கும் கவுஞ்சிக்கும் இடையில் ரோட்டோரமாக இருந்தது பட்டறை. சுற்றுக் காடுகளில் பிடுங்கிய கேரட் மண்ணோடு மூட்டையில் வரும். அதைச் சுழலும் பெரிய இரும்பு டிரம்மில் கொட்டித் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுவோம். கழுவிய கேரட் ரப்பர் பெல்ட்டில் ஓடும்போது இரண்டு பக்கமும் பெண்கள் நின்று தரம் பிரிப்பார்கள். பிறகு லாரி ஏறி ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் நின்றால் மணிக்கட்டுக்குக் கீழே கை இருப்பதே தெரியாது.

முதலாளி மலைக்குக் கீழே உள்ள ஊர்க்காரர். ஆட்கள் நிற்காததுதான் அவருடைய கவலை. சீசன் தொடங்கினால் பாதிப் பேர் கொடைக்கானல் விடுதிகளுக்குப் பாத்திரம் கழுவப் போய்விடுவார்கள். அவர் கோயம்புத்தூரில் இரண்டு நாள் ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். பாராட்டுகிற இடத்தில்தான் ஆள் தங்கும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். அதன் பிறகு காலையில் எங்களை வரிசையாக நிறுத்திக் கைதட்டினார். மாதம் ஒருவர் படத்தைச் சிறந்த தொழிலாளி என்று ஆபீஸ் கண்ணாடியில் ஒட்டினார். கடைசியாகப் பலகை வந்தது. மேலே பெயிண்டில் ‘விபத்தில்லா நாட்கள்’. கீழே சாக்பீஸில் எண் எழுத இடம். தொடர்ந்து நூறு நாள் வந்தால் நாற்பது பேருக்கும் உள்ளே கம்பளி வைத்துத் தைத்த ஜெர்கின். யாராவது ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி அடிபட்டால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

சுவரில் விளம்பரம் எழுதுகிறவரோடு நான் கொஞ்ச நாள் சுற்றியிருந்தேன். அதனால் எண் அழகாக வரும். முதலாளி என் தோளில் கை வைத்து, இனிமேல் பலகை உன் பொறுப்பு என்றார். நான் செய்த ஒன்றை அதுவரை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. மறுநாளிலிருந்து வெள்ளனே எழுந்து, மற்றவர்கள் வருவதற்கு முன் போய்ப் பலகையைத் துடைத்து எழுதினேன். எண் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மூட்டை தூக்குகிறவர்கள், “என்ன பெயிண்டரே, ராத்திரி சரக்கா? ஏழு தள்ளாடிக்கிட்டு கெடக்கு” என்று கேலி செய்வார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

பதினான்காம் நாள் ஒருவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் பூஜ்யம் போட்டேன். கட்டுப் போட்ட காலோடு அவர் சம்பளம் வாங்க வந்தபோது ஒருவரும் நகர்ந்து உட்கார இடம் தரவில்லை. டீ டம்ளர் அவரைத் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அதன் பிறகு யாருக்கும் அடிபடவில்லை. பலகை அப்படித்தான் சொன்னது. பக்கத்து மருந்துக்கடையில் மட்டும் பிளாஸ்திரி அடிக்கடி தீர்ந்துபோனது.

பெல்ட்டின் கடைசியில் நின்ற அக்காவை இங்கே சொல்ல வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இங்கே குடியேறிய குடும்பம். அவர் பிறந்தது இங்கேதான், ஆனாலும் பேச்சில் அந்தத் தோட்டத்து வார்த்தைகள் கொஞ்சம் ஒட்டியிருந்தன. புருஷன் இல்லை. ஒரே மகள் கொடைக்கானலில் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படித்தாள். எழுபதாம் நாள் டெய்லர் அளவெடுக்க வந்தபோது அக்கா தன் அளவைக் கொடுக்கவில்லை. மகளுடைய பழைய சுடிதாரைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“நான் தண்ணியிலயே கெடக்கவ, எனக்கு எதுக்கு? அவளுக்குத்தான் அந்தக் குளிரு ஏலாது தம்பி” என்றார்.

தொண்ணூற்றொன்றாம் நாள் காலை. பெல்ட் திரும்புகிற உருளையில் ஒரு கேரட் சிக்கிக்கொண்டது. உருளைக்கு மேல் இருக்க வேண்டிய தகரமூடி, தினமும் உருளையைக் கழுவ அதைக் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று எப்போதோ கழற்றி ஓரமாகச் சாய்க்கப்பட்டிருந்தது. அக்கா வலது கையை விட்டு கேரட்டை எடுக்கப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சுவிட்சை அணைப்பதற்குள் இரண்டு விரல் நசுங்கிவிட்டது.

பெண்கள் அவரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆபீஸ் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருத்தி காப்பித்தூளை வைத்து அழுத்தித் துணி சுற்றினாள். சூப்பர்வைசர் வந்து கையைப் பார்த்தார், பிறகு பலகையைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லைங்க, மரத்துப் போச்சு, வலியே இல்ல” என்று அக்கா முந்திக்கொண்டு சொன்னார்.

சூப்பர்வைசர் என்னிடம் திரும்பினார். “ஏலே, இன்னும் ஒம்பது நாளு. யாரு கேட்டாலும் கல்லு பட்டுச்சுன்னு சொல்லு.”

கால் மணி நேரத்தில் பெல்ட் ஓடியது. ரத்தம் பட்ட கேரட்டை மறுபடியும் டிரம்மில் போட்டோம். அடுத்த நாள் தொண்ணூற்றிரண்டு எழுதினேன். எண் நேராகவே வந்தது.

அக்கா ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. எடுத்தால் கேள்வி வரும். வலது கையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு இடது கையால் பிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவர் பங்கையும் சேர்த்துப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. தொண்ணூற்றேழாம் நாள் அவர் அருகில் போனபோது ஒரு வாடை அடித்தது. அழுகின கேரட் வாடை எனக்குத் தெரியும். இது வேறு. கை முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது. கை போய்விடும், நாளைக்குப் பூஜ்யம் போடப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசினார். “நீ சைபரு போட்டா நாப்பது பேரும் என்னையத்தான் பாப்பாக. அந்தக் கால் ஒடிஞ்ச மனுசனைப் பாத்தேல்ல? நான் எங்க போக ஏலும்? ஒனக்கு ஊரூராப் போகத் தெரியும் தம்பி. எனக்குத் தெரியாது.”

நான் தொண்ணூற்றெட்டு எழுதினேன். அதற்கடுத்து தொண்ணூற்றொன்பது.

நூறாவது நாள் பட்டறையைக் கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். முதலாளி சொன்னபடி எண்ணைச் சுற்றிப் பூ வரைந்தேன். பெண்கள் தலைக்குக் குளித்து டிசம்பர் பூ வைத்து வந்திருந்தார்கள். மைக் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சால்வை போர்த்துவதுபோல, ஆண்களுக்கு முதலாளியும் பெண்களுக்கு அவர் மனைவியும் ஜெர்கினைத் தங்கள் கையால் மாட்டிவிடுவது என்று ஏற்பாடு. கையில் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். மாட்டிவிடுவார்கள் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்த அம்மா ஜெர்கினை விரித்துப் பிடித்தார். இடது கை நுழைந்தது. வலது கை, மகளுடைய அளவுக்குத் தைத்த ஜெர்கின் கைக்குள் பாதியில் நின்றுவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “நல்லா நீட்டுங்க” என்று துணியைப் பிடித்து இழுத்தார். அக்கா நீட்டினார். கண் மட்டும் பலகையிலேயே இருந்தது. ஜெர்கின் கையின் விளிம்பில் துணிக்கட்டு வெளியே வந்தபோது அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. புருஷன் காதில் ஏதோ சொன்னார். முதலாளி கையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். பிறகு தானே கை நீட்டி ஜெர்கினின் விளிம்பை அந்தக் கட்டுக்கு மேல் இழுத்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார். நாங்களும் தட்டினோம். இருநூறாவது நாளுக்கு ஆளுக்கொரு இரட்டைக் கம்பளி என்று மைக்கில் அறிவித்தார்.

போட்டோ எடுத்து முடிந்த பிறகு முதலாளி தன் ஜீப்பிலேயே அக்காவை அனுப்பினார். நான் கூடப் போனேன். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் கையைத் தொடுவதற்கு முன் ஜெர்கினைக் கழற்ற முடியாமல் கத்தரியால் தோள் வரை வெட்டினார்கள். விரல் நசுங்கியபோது அழாதவர் அப்போது அழுதார். எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, “வீட்டுல அருவா பட்டுருச்சுங்க” என்றார். மதுரைக்கு அனுப்பினார்கள். மூன்று விரலை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கையே போயிருக்கும் என்றார்கள்.

நான் ஐந்தாம் நாள் திரும்பி வந்தேன். பலகையில் யாரோ கோணலாக நூற்று நான்கு எழுதியிருந்தார்கள். சூப்பர்வைசர் சாக்பீஸை நீட்டினார். அழித்துவிட்டு அதே எண்ணைத் திருத்தமாக எழுதினேன். அந்த மாதத்துச் சிறந்த தொழிலாளி என்று ஆபீஸ் கண்ணாடியில் அக்காவின் படம் இருந்தது. தோளோடு வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். மூட்டைக்கு நூல் கோக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பெல்ட் கடைசியில் அவர் இடத்துக்குக் கவுஞ்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். தகரமூடி அதே ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அதை மாட்டச் சொல்லி நான் ஒரு தரம் சொன்னேன். சோலியைப் பாரு என்றார்கள். பார்த்தேன்.

நூற்று அறுபத்துநான்காம் நாள் காலை எழுதப் போனபோது கவுஞ்சிப் பெண் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள். நான் கேட்பதற்குள், “கல்லு பட்டுருச்சுண்ணே” என்றாள்.

நூல் கோத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தச் சுற்றிய கையை வெகுநேரம் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று சாக்பீஸோடு காத்து நின்றேன்.

“இன்னும் முப்பத்தாறு நாளுதான் தம்பி. வெரசா எழுதிட்டு வா, ஆளுக வர்றாக” என்றார்.

எழுதினேன். சாக்பீஸைப் பலகையின் மேல் விளிம்பில் வைத்தேன். டிரம் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. என் பையை எடுத்துக்கொண்டு மத்தியான பஸ் வரும் ரோட்டைப் பார்த்து நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.