பால் துப்பாத பிள்ளை

செசிலிக்கு அறுபத்தாறு வயது. பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டி, தாய்ப்பாலைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவதுதான் முப்பது வருஷமாக அவள் பிழைப்பு. இப்போது அக்கரையில், மாக் மண்டினில் ஒரு வீட்டுப் பச்சைப்பிள்ளை. அரைச் சங்குப் பாலை உள்ளே இறக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். கடைசி வாயை அவள் கைலியிலேயே துப்பிவிட்டு வீடு அதிர அலறும்.

அங்கிருந்து ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுன் வந்து இறங்குவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அதற்கு மேல், கிளினிக்கில் கட்டாயப்படுத்தியதால், செவ்வாய்தோறும் பாலாய் ராயா பொதுமண்டபத்தில் பிரஷர்காரர்களுக்கான உடற்பயிற்சி வேறு. "செத்துப் பிழைச்சு வர்றவளுக்கு எக்சர்சைஸ் ஒண்ணுதான் கொறச்சல்!" என்று முனகிக்கொண்டேதான் போவாள்.

அன்று பயிற்சி சொல்லித்தரும் பிரமிளா, ஆளுக்கொரு சுருட்டிய துண்டைக் கொடுத்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து அதை மெதுவாகத் தூக்கி இறக்கச் சொன்னாள். செசிலி காலை நீட்டினாள். நீட்டியதும் பழக்கம் முந்திக்கொண்டது. துண்டைக் கால்மேல் கிடத்தி, தலைமாட்டுக்கு இடது கையைக் கொடுத்து, ஆட்ட ஆரம்பித்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தது அவள் காதில் விழவில்லை. உட்கார்ந்தபடியே கண் சொக்கிவிட்டது.

முடிந்ததும் பிரமிளா எழுப்பிப் பிரஷர் பார்த்தாள். மாதக்கணக்கில் நூற்று எழுபதை விட்டு இறங்காதது, நூற்று முப்பத்தெட்டில் நின்றது.

"நீங்க பயிற்சியே செய்யலயே லா, ஆன்ட்டி! எப்படி எறங்குச்சு?"

செசிலி துண்டை உதறி மடித்தாள்.

"இது துப்பல, அழல. முப்பது வருஷத்துல என்னைத் தூங்க வச்ச மொதப் பிள்ளை இதுதாம்மா."