கடற்கரையில் மடக்கிய குடை

இலங்கை மலையில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. துரை குடும்பம் லீவில் சீமைக்குக் கப்பலேறியபோது, இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

போய் இறங்கிய முதல் மாதமே குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு இழுத்தது. மழையில் விட்டுவிட்டேன் என்று பழி என்மேல் விழுந்தது. இன்னொரு தடவை குழந்தை நனைந்தால் என்னைத் தனியாகக் கப்பலேற்றி அனுப்பிவிடுவதாகத் துரைசாணி சொல்லிவிட்டார். பக்கத்து டவுன் ஹட்டனுக்கே தனியாகப் போய் அறியாதவள் நான். அத்தனை கடலையும் ஒற்றையாக எப்படித் தாண்டுவேன்?

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரையின் அக்காவைப் பார்க்கக் காலை ரயிலில் ஒரு கடற்கரைப் பட்டணத்துக்குப் போனோம். சாயங்காலமே திரும்புவதாக ஏற்பாடு.

கடல் என்னவோ அழுக்குச் சேலை அலசிய தண்ணீர் நிறம்தான். ஆனால் அதை அவர்கள் கொண்டாடிய விதம் இருக்கிறதே! கரை நெடுக ரோடு, ரோட்டோரம் பூப்பாத்தி, கடலுக்குள் நீண்டுபோய் எங்கேயும் சேராமல் நின்றுவிட்ட ஒரு பாலம். காசு கொடுத்து அதில் நடந்து, நுனிவரை போய், அப்படியே திரும்பி வந்தார்கள். வயதானவர்கள் துணி நாற்காலிகளில் வரிசையாகச் சாய்ந்து, குளிர்காற்று முகத்தில் அறைய அறைய, பேப்பரில் சுற்றிய பொரித்த மீனைத் தின்றுகொண்டு சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதைவிட அதிசயம், வெள்ளைக்காரர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் மீன் பொரித்தார். ஒரு அம்மா மேசை துடைத்தார். தோட்டத்தில் கைத்தடியைத் தவிர வேறெதையும் தூக்கிய வெள்ளைக்காரரை நான் கண்டதில்லை.

மத்தியானம் துரையும் துரைசாணியும் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடையோடு கடற்கரை ரோட்டுக்கு வந்தேன். மழை தொடங்கியதும் குடையை விரித்தேன். எதிரே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். என் கை தானாகக் குடையை மடக்கிவிட்டது.

மலையில் அதுதான் வழக்கம். எதிரே துரை வந்தால், கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்கி ஓரமாக நிற்க வேண்டும். நடக்கப் பழகியபோதே அதையும் பழகியிருந்தேன். அவர் போனதும் விரித்தேன். அடுத்தவர் வந்தார், மடக்கினேன். எங்கள் தோட்டத்தில் இருந்தது ஒரு துரை. இங்கே ரோடு முழுக்கத் துரைமார். குழந்தை நனைகிறதே என்று மனம் பதறியது. கை கேட்டால்தானே!

கடைசியில் ரோடு கூட்டுகிறவர் ஒருவர் விளக்குமாறும் கையுமாக வந்தார். அவருக்கும் மடக்கினேன். மனிதர் நின்று, தனக்குப் பின்னால் எந்தப் பெரிய மனிதர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, என்னிடமிருந்து குடையை வாங்கி விரித்து, பிள்ளை நனைகிறது என்று சொல்லி மறுபடி கையில் கொடுத்தார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அதற்குள் எதிரே தொப்பிக்காரர் ஒருவர் வர, என் விரல் மறுபடி மடக்கப் போயிற்று. இவர் குடைக்காம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, தான் நனைந்துகொண்டு, மழைக்கு ஒதுங்கும் கொட்டகை வரை கூடவே நடந்து வந்தார். பிறகு திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினார். துரைமார் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், நானாக மனசார மரியாதை வைத்தது அவர் ஒருவருக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் துரையும் துரைசாணியும் எங்களைத் தேடி வந்தார்கள். குழந்தையின் தலையைத் தொட்டதும் துரைசாணியின் முகம் மாறிவிட்டது. குடை இருந்தும் எப்படி நனைந்தது என்று என்னிடம் கேட்கச் சொன்னார். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும், கேட்டார். எனக்குக் கப்பல் கண்முன்னே நின்றது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"தொரமாருங்க வந்தாங்க தொர. அதான் கொடைய மடக்கினேங்க."

துரையின் முகம் காதுவரை சிவந்தது. தோட்டத்தில் தனக்குக் குடையை மடக்கத் தவறிய ஒரு பெரியவரை, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வேலையில்லை என்று திருப்பி அனுப்பியவர் அவர். நான் என்ன சொன்னேன் என்று துரைசாணி கேட்டார். துரை கடலைப் பார்த்துக்கொண்டு, காற்று குடையைப் புரட்டிவிட்டதாம் என்றார். அந்த இங்கிலீஷும் எனக்குப் புரிந்தது. துரைசாணி காற்றைத் திட்டிக்கொண்டே குழந்தையின் தலையைத் துவட்டினார். கப்பல் பேச்சு எழவில்லை.

ஸ்டேஷனுக்கு நடந்தபோதும் மழை விடவில்லை. துரைசாணி தன் குடையில் போனார். துரை நனைந்தபடி முன்னால் நடந்தார். பாதி வழியில் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். நான் குடையை விரித்தபடியே பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தேன்.