அசல் தலைவரின் குதிகால்

குதிகாலால் கதவைச் சாத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கைப்பேசி அடித்ததும் திரையைப் பார்ப்பார். முதலாளி என்று தெரிந்தால் முகம் ஒரு சுற்றுச் சிறுக்கும், உடம்பு ஜன்னல் பக்கம் திரும்பும், வலது கால் பின்னால் போய்க் கதவை ஒரு தட்டுத் தட்டும். டப்பென்று சாத்திக்கொள்ளும். திரும்பிப் பார்க்கவே மாட்டார். அதன்பிறகு உள்ளே யார் தலை உருண்டது என்பது அந்தக் கதவுக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

பல விடுதிகளின் அழுக்குத் துணி வந்து சேரும் ஒரு பெரிய சலவைக்கூடத்துக்கு அவர் மேலாளர். ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘பார்க்கலாம்’. மின்விசிறி ஓடவில்லை என்றாலும் பார்க்கலாம், விடுப்பு வேண்டும் என்றாலும் பார்க்கலாம்.

“பார்க்கலாம் வந்தாச்சா?” என்று காலையில் இஸ்திரிக்காரர் கேட்பார்.

“வந்தாச்சு. ஆனா இன்னும் ஒண்ணையும் பார்க்கல” என்பார் சலவை மெஷினை ஓட்டும் அக்கா.

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் முதலாளி போன மாதம் தன் செலவில் ‘அசல் தலைவர் ஆவது எப்படி’ என்ற பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். குளுகுளு அறை, வேளாவேளைக்குத் தேநீர், வட்டமாக நாற்காலிகள். நடு மேசையில் சீட்டுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல வார்த்தை.

“எதை விட்டா நீங்க நீங்களா இருக்க மாட்டீங்களோ, அந்த மூணை மட்டும் எடுங்க. அதுதான் உங்க விழுமியம். உள்மனசைக் கேளுங்க, அது சொல்லும்” என்றார் பயிற்சியாளர்.

மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு உள்மனதைக் கேட்டார். அது ‘பார்க்கலாம்’ என்றது.

இது கதைக்கு ஆகாது என்று, பார்க்க லட்சணமாக இருந்த துணிவு, நேர்மை, வெளிப்படைத்தன்மை மூன்றையும் பொறுக்கிக்கொண்டார். ‘பொறுப்பு’ என்ற சீட்டும் கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைப் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் நைசாகத் தள்ளினார். “சார், இது உங்களுது” என்றார் அந்த அப்பாவி. “பரவாயில்ல, நீங்களே வச்சுக்குங்க” என்று வள்ளலாகிவிட்டார் நம்மவர்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், “இனிமே நான் அசல் தலைவர்” என்றார்.

“அசல் கிடக்கட்டும். வட்டிக்காவது அந்தச் சமையலறைக் குழாயைப் பாருங்க. ஒழுகி ஒழுகித் தரையே பாசி பிடிச்சுக் கிடக்கு.”

“பார்க்கலாம்” என்றார் அசல் தலைவர்.

மறுநாள் சலவைக்கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். விழுமியம், விழுமியம் என்று மூச்சுக்கு ஒரு தரம் சொன்னார். பின்வரிசையில் ஒருத்தி, “என்ன விழுமாம்?” என்று கேட்டாள். “தெரியலையே. எதுக்கும் தள்ளி நில்லு” என்றார் இஸ்திரிக்காரர்.

“நமக்கு முதல்ல வேண்டியது துணிவு!” என்று முழங்கினார் மேலாளர்.

“துணி எக்கச்சக்கமா கிடக்கு சார். மெஷின்தான் பத்தல” என்றார் அக்கா.

மூன்று வார்த்தைகளையும் நீல எழுத்தில் பலகையாக்கி மாட்டியாயிற்று. அடுத்து வெளிப்படைத்தன்மை. அதற்குத் தச்சர் வந்தார். மேலாளர் அறையின் கதவைக் கழற்றி வெளியே சாய்த்தார். “இனிமே உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது” என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார் மேலாளர். நல்ல பலகையை வீணாக்குவானேன் என்று அக்கா அந்தக் கதவை இரண்டு பீப்பாய்களின் மேல் படுக்கப்போட்டு விரிப்பு மடிக்கும் மேசையாக்கிக்கொண்டார்.

ஒரு வாரம் போயிருக்காது. பெரிய விடுதி ஒன்றின் வெள்ளை விரிப்புகளும், இன்னொரு இடத்தின் புத்தம்புதுச் சிவப்புத் திரைகளும் ஒரே நாளில் வந்து நின்றன. இரண்டும் மாலைக்குள் வேண்டும்.

“புதுச் சிவப்பு சார், சாயம் விடும். தனியாத்தான் போடணும்” என்றார் அக்கா.

மேலாளர் பலகையைக் காட்டினார். “துணிவு அக்கா, துணிவு! ரெண்டையும் ஒண்ணாவே போடுங்க.”

“சாயம் விட்டா?”

“பார்க்கலாம்.”

பார்த்தார்கள். வெளுக்க வந்த விரிப்புகள் அத்தனையும் வெட்கப்பட்டுச் சிவந்து வெளியே வந்தன.

அன்று இரவு மேலாளருக்குச் சோறு இறங்கவில்லை. பயிற்சிக்குப் பணம் கட்டி அனுப்பிய முதலாளியிடம் எந்த முகத்தோடு நிற்பது? அக்கா பெயரைச் சொன்னால் ஒரு வார்த்தையில் காரியம் முடிந்தது. மெஷினை ஓட்டியது அக்காதானே, அதில் பொய் என்ன இருக்கிறது? ஆனால் வேலை போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. புருஷன் கால் முறிந்து படுக்கையில் கிடக்கிறான். அது மேலாளருக்கு நன்றாகத் தெரியும். அவனை மருத்துவமனையில் சேர்த்த அன்று அக்கா விடுப்புக் கேட்டபோது ‘பார்க்கலாம்’ என்றவர் அவர்தான்.

மறுநாள் முதலாளியின் அழைப்பு வந்தது. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம். முதலாளியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“விடுதிக்காரன் காறித் துப்புறான்யா! எவன் பார்த்த வேலை இது? பேரைச் சொல்லு, இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுறேன்.”

“அது வந்துங்க ஐயா…”

முகம் சிறுத்தது. உடம்பு ஜன்னல் பக்கம் திரும்பியது. அக்கா பெயர் நாக்கு நுனிக்கு வந்தாயிற்று, கதவைச் சாத்த வேண்டியதுதான் பாக்கி. வலது கால் பின்னால் போய் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது. தட்ட அங்கே என்ன இருக்கிறது? வெறுங்காற்றை உதைத்த வேகத்தில் செருப்பு கழன்று பறந்து போய், பீப்பாய் மேல் படுத்திருந்த கதவில் டப்பென்று விழுந்தது.

“விழுந்துடுச்சு” என்றார் இஸ்திரிக்காரர்.

மேலாளர் திரும்பினார். எல்லாரும் செருப்பைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் அவரைப் பார்த்தார்.

“யோவ், இருக்கியா? யாரு பண்ணினது?”

“நான்தாங்க” என்றார் மேலாளர். கொசு முனகினாற்போல இருந்தது.

“வெளிப்படையாச் சொல்லுங்க சார், இங்க கேக்கல!” என்றாள் அன்றைய பின்வரிசைக்காரி.

“நான்தாங்க ஐயா! அந்தம்மா வேணாம்னுதான் சொன்னாங்க. ஒண்ணாப் போடச் சொன்னது நான்தான்!”

பிறகு முதலாளிதான் பேசினார். நெடுநேரம் பேசினார். ஒற்றைக்காலில் நின்றபடி, “ஆமாங்க, சரிங்க” என்று கேட்டுக்கொண்டார் மேலாளர். முதலாளி பேசி முடித்ததும், அக்கா ஒரு குச்சியால் செருப்பைக் கீழே தள்ளி, காலாலேயே அறை வாசல்வரை நகர்த்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் குனியாமல் அதற்குள் காலை நுழைத்துக்கொண்டார்.

கைப்பேசி மறுபடியும் அடித்தது. முதலாளிதான். முகம் சிறுத்தது, உடம்பு திரும்பியது, குதிகால் தானாக மேலே எழும்பியது. மேலாளர் சட்டென்று குனிந்து, இடது கையால் தன் முழங்காலைப் பிடித்துத் தரையோடு அமுக்கிக்கொண்டு, “சொல்லுங்க ஐயா” என்றார்.