கரண்ட் இல்லாத ஃபேன்

1. பெர்மிட் போட்ட வேலை

அன்று அந்த ஃபேன் அசைந்தபோது அதற்குக் கரண்ட் இல்லை. எலக்ட்ரீஷியன் ஃபியூஸைப் பிடுங்கி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, ஆள் வேலை செய்கிறார் என்று சிவப்பு அட்டையும் தொங்கவிட்டிருந்தார். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. பெர்மிட் தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக். அப்படியும் நான் அன்று செத்திருப்பேன்.

புதுச்சேரியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் மெக்கானிக்கல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். வீடு முத்தியால்பேட்டை. ஆலையில் என் பட்டப்பெயர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் பெருசுகளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் எந்த ராணுவத்திலும் இருந்ததில்லை. கத்துவேன், அவ்வளவுதான்.

கூலிங் டவரை உள்ளே போய்ப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆலையில் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரை மேலிருந்து மழைபோல விடுவார்கள். உச்சியில் ஒரு பெரிய ஃபேன் காற்றை மேல்நோக்கி இழுக்கும், தண்ணீர் ஆறும். அந்த ஃபேனைச் சுற்றி வாய் திறந்த பீப்பாய் மாதிரி ஒரு வளையச் சுவர் இருக்கும். ஸ்டாக் என்போம். அதன் பக்கத்தில் குனிந்து நுழைகிற கதவு. ஃபேனைச் சுற்றவைக்கும் கியர் பாக்ஸ் உள்ளே, இலைகள் என்று நாங்கள் சொல்லும் இறக்கைகளுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். பலகை போட்டு அதன்மேல் நிமிர்ந்து நின்றால் நம் தலை சரியாக இலை மட்டத்தில் வரும்.

அந்த கியர் பாக்ஸில் ஆயில் கசிந்தது. சீல் மாற்ற வேண்டும். நாலு மணிக்கு ஃபேன் ஓட வேண்டும் என்று புரொடக்‌ஷனிலிருந்து காலையிலிருந்தே போன். மோட்டாரையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டோம். உள்ளே இறங்க வேண்டியது கான்ட்ராக்ட் ஆள் தேசப்பன். வைத்திக்குப்பத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், பல வருஷம் மீன்பிடிப் படகில் போனவர். கதவு வரை போன மனிதர் திரும்பி வந்து, இலையைக் கயிறு போட்டுக் கட்டினால்தான் இறங்குவேன் என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"கரண்டே இல்லாத ஃபேன இன்னாத்துக்குக் கட்டணும்?" என்றேன்.

"காத்துக்கு எதுக்கு சார் கரண்ட்டு? இப்ப கம்முனு கீது. உச்சி வெயில் ஏறுனா கடல் காத்து வரும். கப்ளிங்க வேற கழட்டி வுட்டுட்டோம், புடிச்சுக்க ஒண்ணுமே இல்ல."

அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் எனக்குத் தெரியாததா என்ற திமிர். கயிறு தேடிக் கட்டி முடிக்க அரைமணி நேரம் போகும் என்ற கடுப்பு வேறு. அங்கேயே நின்று அவருடைய கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். வேலை செய்ய மறுக்கிறான், கேட் பாஸைக் கேன்சல் பண்ணு, வேறு ஆள் அனுப்பு என்று சொன்னேன். தேசப்பன் கேட்டுக்கொண்டேதான் நின்றார். அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பாஸில்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

வேறு ஆள் வரும்வரை பொறுத்திருக்கலாம். யாருக்கோ பாடம் புகட்டுவதுபோல ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நானே உள்ளே நுழைந்தேன்.

2. ஒரு சாண்

பலகைமேல் உட்கார்ந்து கியர் பாக்ஸில் நாலு போல்ட் தளர்த்தியிருப்பேன். கதவில் நிழல் தெரிந்தது. தேசப்பன் தோளில் நைலான் கயிற்றோடு உள்ளே வந்தார். ஒரு இலையின் அடியில் இரண்டு சுற்று, ஸ்டாக் ஓரத்துக் கம்பியில் ஒரு முடிச்சு. எதிர்ப்பக்க இலைக்கும் அதேபோல. படகைக் கட்டிப் பழகிய கை, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நானும் வீம்புக்குத் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

முதுகு வலிக்க எழுந்து நின்றேன். முதலில் சட்டை படபடத்தது. பிறகு தலைக்குமேல் ஒரு முனகல், கயிறு விறைக்கிற சத்தம். இலை ஒரு சாண் நகர்ந்து என் ஹெல்மெட்டில் 'டொக்' என்று இடித்து நின்றது. மறுபடி இழுத்தது, மறுபடி நின்றது.

"காத்து வந்துடுச்சு சார். குந்துங்க," என்றார் தேசப்பன்.

உட்கார்ந்தேன். தவழ்ந்துதான் வெளியே வந்தேன். அந்தக் கயிறு இல்லாமல் ஐந்து இலையும் வேகம் பிடித்திருந்தால் ஹெல்மெட் என்ன செய்யும்? என் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த நேரத்தில் அந்த நினைப்புதான் வந்தது.

அதற்குள் தேசப்பனின் போன் அடித்தது. பாஸ் கேன்சல், உடனே கீழே இறங்கு என்று கான்ட்ராக்டர் கத்துவது எனக்கே கேட்டது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். நில்லுங்க என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயத்தால் பாதி, வெட்கத்தால் பாதி. இன்றைக்கும் அந்த நாளில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

3. வைத்திக்குப்பம்

வேலையை நிறுத்திவிட்டு நேராக மேனேஜரிடம் போனேன். கடலூர் பக்கத்து அம்மா, குரலே உயர்த்த மாட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பாஸைப் பறித்தது என் தப்பு, மெமோ எனக்குக் கொடுங்கள் என்றேன்.

"மெமோ நிச்சயம் உண்டு. அது நாளைக்கு. இப்ப அவர போய்க் கூட்டிட்டு வாங்க. நீங்கதான் போகணும்," என்றார்.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். கடற்கரையை ஒட்டிய சந்து, விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார். தொழிற்சாலையிலிருந்து வருகிறேன் என்றதும் ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஸ புடுங்குன சாரு நீங்கதானா?"

"ஆமாம்மா, நான்தான்."

"இன்னமும் இன்னா புடுங்கணும்னு வந்தீங்க?"

வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான். சத்தம் கேட்டுத் தேசப்பன் வெளியே வந்து மனைவியை அடக்கினார், எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். உட்காராமல் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு கோபமிருந்தும் ஏன் உள்ளே வந்து கட்டினீர்கள் என்றும் கேட்டேன்.

"உள்ள ஆள் கீதுல்ல சார்," என்றார்.

நாளைக்கு வருவீர்களா என்றேன். வருகிறேன், ஆனால் முதலில் கயிறு, அப்புறம்தான் ஆள், சம்மதமா என்றார். தலையை ஆட்டினேன். அவர் மனைவி மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார், திட்டிக்கொண்டேதான்.

4. பெர்மிட் தாளில் ஒரு வரி

மறுநாள் பெர்மிட் தாளில் ஒரு வரி கூடியது: ஃபேன் இலைகள் கட்டப்பட்டனவா? கட்டியவர் கையெழுத்து. முதல் கையெழுத்து தேசப்பனுடையது. ஆபத்து என்று வேலையை நிறுத்தும் ஆளின் பாஸில் யாரும் கைவைக்கக்கூடாது என்று மேனேஜர் தனியாக உத்தரவும் போட்டார். மெமோவையும் மறக்காமல் கொடுத்தார். புரொடக்‌ஷன்காரர்கள் நேரம் போகிறது என்று சில மாதம் முனகினார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பூட்டுப் போடுங்கள், அட்டை மாட்டுங்கள், எல்லாம் சரி. மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் வாயை மூடிக்கொண்டு ஏன் என்று கேளுங்கள். நீங்களே மாட்டேன் என்று சொல்ல வேண்டிவந்தால், பயப்படாமல் சொல்லுங்கள்.

நான் ஓய்வுபெறும் மாதத்தில் கடைசியாக ஒருமுறை டவர் ஏறினேன். பாதி ஏணியில் இருக்கும்போது மேலிருந்து தேசப்பன் குரல். அதற்குள் கான்ட்ராக்ட் ஆட்களின் குழுவுக்கு அவர்தான் லீடர்.

"சார், சேஃப்டி பெல்ட்டு கொக்கிய மாட்டல. எறங்குங்க."

இந்தச் சொல்தா கத்தவில்லை. இறங்கினேன்.