பத்து லட்சத்து ஒன்று

புதுவாயல் கூட்டுரோட்டில் தினமும் என்னோடு கம்பெனி பஸ் ஏறுவார், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நரைத்த மீசை, தேய்த்த சட்டை, அதன்மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி அடையாள அட்டை. முன்னால் போகும் லாரிகளின் எண்களை எது வகுக்கும் என்று பார்த்துக்கொண்டே வருவார். ஒருநாள் தன் அட்டையைத் தூக்கிக் காட்டினார்: 1000001.

“பகா எண்ணு சார். நூறு வரிக்கும் எல்லாத்தாலயும் வகுத்துப் பார்த்துட்டேன், எதுக்கும் மசியல. எம் பொண்ணு கிளாஸ் பூரா சொல்லிக்கினு கீது.”

நான் சும்மா இருந்திருக்கலாம். கைபேசியில் தட்டிப் பார்த்து, “நூத்தியொண்ணால போகுதே சார், 9901 தடவை” என்றேன்.

உதடு அசைய மனதுக்குள் பெருக்கினார். 9901 நூறு தடவை, மேலே இன்னும் ஒரு தடவை. சரியாக வந்தது.

“நூறோட நிறுத்தினது என் தப்பு. நீங்க இன்னாத்துக்கு சார் மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க?” என்று என் தோளைத் தட்டினார்.

இப்போதும் பக்கத்தில்தான் உட்காருகிறார். லாரி எண்களையும் விடவில்லை. அட்டையை மட்டும் எண் தெரியாமல் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். பஸ் குலுங்கி அது புரளும்போதெல்லாம், நான் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.